முகம் கண்ட பக்கம் போற கமரா

மருமோனே, ரஷ்யாக்காரன்ர பழைய லென்ஸ் ஒண்டைக் கமராவில பூட்டிக்கொண்டு தீவு தீவாய்த் திரியிறாய் எண்டு கேள்விப்பட்டன். நல்லது. ஊரில எல்லாரும் பழசைத் தூக்கி எறியேக்க நீ காசு குடுத்து வாங்கிறாய். ஹீலியோஸ் 44-2 எண்டால் சும்மா சாமானோ? ஜெர்மன்காரன்ர பயோட்டாரைப் பாத்து சோவியத்காரன் செய்தது. 58 மில்லிமீற்றர், எஃப் 2. பின்னால நிக்கிற இலையெல்லாம் சுழண்டுகொண்டு தெரியுமாம். சும்மா நிண்டாலே தலை சுத்துற எனக்கு அது வேண்டாம். கனடாவில இருந்து வந்து படம் எடுக்கிற மாப்பிள்ளை பொம்பிளைக்கு அதுதான் வடிவாம்.

உன்ர வீடியோ ரெண்டும் பாத்தன். தாலி கட்டேக்க, கமராவோட வந்த ஓட்டோ லென்ஸ் முகம் தேடிப் போய், பந்தலுக்குப் பின்னால பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு நிண்ட சித்தப்பாவைப் பிடிச்சிட்டுது. அவற்ற மீசையில இருக்கிற துகள் வரைக்கும் துலக்கம். தாலி மட்டும் புகார். மற்றது நெடுந்தீவுக் குதிரை. அது ரஷ்யன் லென்ஸ், கையால பிடிச்சது. முருகைக்கல் வேலியில கல்லை ஒவ்வொண்டாய் எண்ணலாம், குதிரை எங்கையெண்டுதான் தெரியேல்லை. பொம்பிளை வீட்டார் கேட்டால் ‘ஆர்ட்’ எண்டு சொல்லுவாய், எனக்குத் தெரியும்.

எனக்கென்ன தெரியும், ஊர்காவற்றுறையில ஸ்ரூடியோக்காரனுக்கு லைற் பிடிச்சவன். எண்டாலும் ஒரு கேள்வி. உன்ர அடப்டர் வளையத்தை எப்பவாவது அளந்தியோ? எம்42 லென்ஸுக்குப் பின்பக்கத்தில இருந்து பிலிம் மட்டும் 45.46 மில்லிமீற்றர் வேணும். உன்ர சோனியில 18தான் இருக்கு. மிச்ச 27.46ஐ நிரப்பத்தான் அந்த அடப்டர். உள்ளுக்கு வெறும் காத்து. காத்துக்கும் காசு வாங்கிற காலம். அந்த வளையம் கொஞ்சம் தடிப்பாய்ப் போனால் தூரத்தில இருக்கிறது ஒருநாளும் துலங்காது. கொஞ்சம் மெல்லிசாய்ப் போனால் லென்ஸில எழுதியிருக்கிற மீற்றர்க் கணக்கெல்லாம் பொய். விடியக் காலமை, வெக்கை எழும்ப முன்னம், குறிகட்டுவானில நிண்டு கடலுக்கு அங்கால நயினாதீவுக் கோபுரத்தைப் பாத்துத் திருப்பு. முடிவிலிக் குறி எங்க வந்து நிக்குதெண்டு அப்ப தெரியும். மத்தியானம் போகாதே. கடலுக்கு மேல காத்து ஆடேக்க எந்த லென்ஸும் மங்கல்தான், நீ அடப்டரைத் திட்டிக்கொண்டு நிப்பாய்.

இனி உன்ர ஆசைக்கு வருவம்: கைலென்ஸும் வேணும், ஓட்டோவும் வேணும். ஆசைப்படுறதில பிழையில்லை, உனக்கு முந்தியே பெரியவை ஆசைப்பட்டிருக்கினம். 1985இல மினோல்ற்றா 7000 வந்தாப்பிறகுதான் தன்ரபாட்டில ஓடுற லென்ஸ் பரவத் துவங்கினது. தன்ர பழைய லென்ஸை விட மனமில்லாத கொன்ராக்ஸ்காரன் 1996இல ஏஎக்ஸ் எண்டு ஒரு கமரா விட்டான். லென்ஸ் அசையாட்டி என்ன, உள்ளுக்குப் பிலிமை முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்துவம் எண்டு. பேந்து 2016இல ரெக்ஆர்ட் எண்டவன் அதே வித்தையை அடப்டருக்குள்ள வைச்சான். மோட்டர் முழு லென்ஸையும் தூக்கி முன்னுக்குத் தள்ளும், ஆகக்கூடினது 4.5 மில்லிமீற்றர். அது லைக்கா எம் லென்ஸுக்குச் செய்தது. உன்ர ஹீலியோஸுக்கு இடையில இன்னொரு வளையம் போடவேணும்.

அந்த நாலரை மில்லிமீற்றரை வடிவாய்க் கவனி, சூட்சுமம் அதுக்குள்ளதான் இருக்கு. லென்ஸை முடிவிலியில வைச்சிட்டு மோட்டரை விட்டால், 58 மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் மட்டும் கிட்ட வரும். போதும். ஆனால் 135 மில்லிமீற்றரைப் பூட்டினியோ, நாலு மீற்றருக்குக் கிட்ட மோட்டருக்கு எட்டாது. மூண்டு மீற்றரில பொம்பிளை நிப்பா, மோட்டர் முனகும், நீ கமரா பழுதெண்டு கடைக்கு ஓடுவாய். அங்கதான் கை வேணும். லென்ஸின்ர வளையத்தைக் கையால மூண்டு மீற்றருக்குக் கொஞ்சம் அங்கால திருப்பி விடு, மிச்சத்தை மோட்டர் பாக்கும். குறிகட்டுவானில லோஞ்சு கட்டிறவை கடலுக்கு எஞ்சினும் துறைக்குக் கயிறும் பாவிப்பினம். இது மற்றப் பக்கம்: தூரம் ஓடுறது கை, கடைசி முழம் மோட்டர். கையை ஒரு இடத்தில வைச்சிட்டு மறந்துபோற ஆளுக்கு இந்த அடப்டர் சரிவராது.

கனன்காரன்ர ஈஎஃப் லென்ஸை மின் அடப்டரில போடுறது வேற விஷயம். அதுக்குச் சொந்த மோட்டர் இருக்கு. ஆனால் பழைய ஈஎஃப் போட்டோ பிடிக்கச் செய்தது, ஒரே பாய்ச்சலாய்ப் பாயும். வீடியோவில அது அசிங்கம். வீடியோவுக்கெண்டு மெதுவாய் ஓடுற எஸ்ரிஎம் மோட்டர் 2012இலதான் வந்தது. ரிங் யுஎஸ்எம் லென்ஸில ஒரு நல்ல குணம் இருக்கு: ஓட்டோவில இருக்கேக்கயே வளையத்தைத் திருப்பலாம். ஆனால் தொடர் ஓட்டோவை விட்டுவைச்சால் நீ திருப்பினதை அது திரும்பவும் மாத்தும், மாமா உப்புப் போட்ட கறியை மாமி எடுத்துக் கொட்டின மாதிரி. அதால பொத்தான் ஒண்டில ஓட்டோவையும் கையையும் மாத்துற வசதியை வைச்சுக்கொள். அமத்தினால் பிடிக்கவேணும், விட்டால் சும்மா கிடக்கவேணும்.

கையோ ஓட்டோவோ, ஆர் எப்ப எண்டதை ஷொட்டுக்கு முன்னம் முடிவெடு. உன்னை நோக்கி நடந்து வாற மாப்பிள்ளை எங்க நிப்பானெண்டு அவனுக்கே தெரியாது, அவனை ஓட்டோவிட்ட விடு. தாலி கட்டுற இடம் மணவறை, அது ஓடாது. ஐயர் இருக்கிறார், தேங்காய் இருக்கு, எல்லாம் முதலே தெரியும். அங்க கையால வைச்சிட்டு, பத்துப் பேர் குறுக்க வந்தாலும் தொடாதே. கெட்டிமேளம் ஒருக்காத்தான். செங்கை ஆழியான் நெடுந்தீவைக் களமாய் வைச்சு எழுதின ‘வாடைக்காற்று’ 1978இல படமாய் வந்தது. அந்தக் காலத்துச் சினிமாவில ஓட்டோ எங்க? உதவியாள் ரேப் பிடிச்சுத் தூரம் அளந்து, லென்ஸில குறி போட்டுத்தான் திருப்புவான். உனக்கு ரேப் பிடிக்க வெக்கம், ட்ரோன் பிடிக்க வெக்கமில்லை.

எஃப் 2இல திறந்து வைச்சுக்கொண்டு ரெண்டு மீற்றரில ஆளை நிப்பாட்டினால் துலக்கம் 14 சென்ரிமீற்றர்தான். மூச்சை இழுத்து விட்டாலே மூக்குப் போய்ச் செவி வரும். குதிரை ஓடேக்க இந்தப் பெருமை வேண்டாம். எஃப் 8க்கு அடை, 14 மீற்றரில வை. முழுச்சட்டக் கமராவெண்டால் 7 மீற்றரில இருந்து அடிவானம் மட்டும் பிடிபடும். குதிரையும் பெருக்குமரமும் ரெண்டும் தெரியும். சுழலுற இலைதான் இல்லை. குதிரை தெரியுதே, அது காணாதோ?

சிவப்புக் கோடு காட்டுற பீக்கிங்கைக் கடலில நம்பாதே, வெயிலில மினுங்கிற அலை எல்லாத்துக்கும் சிவப்புப் பூசும். பதிவுக்கு முன்னம் பெருப்பிச்சுப் பார். இன்னொண்டு: உன்ர வெறும் வளையம் கமராவோட கதைக்காது, லென்ஸ் எத்தினை மில்லிமீற்றரெண்டு அதுக்குத் தெரியாது. மெனுவில 58 எண்டு நீயே போட்டால்தான் உடம்புக்குள்ள இருக்கிற ஆட்டம் தணிக்கிற சாமான் ஒழுங்காய் வேலை செய்யும். போடாமல் படகில நிண்டு எடுத்திட்டுக் கடலைக் குறை சொல்லாதே. வீட்டை வந்தாப்பிறகு உப்புத் தண்ணியைத் துடை, பெட்டியில சிலிக்கா போடு. பூஞ்சணம் பிடிச்ச லென்ஸை ‘விண்டேஜ்’ எண்டு விக்கிற புத்தி உனக்கு வரக்கூடாது.

ஆனியில நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வருவாய்தானே. தேருக்கு முதல் நாளே வந்து, தேர் திரும்புற மூலையைப் பாத்து, லென்ஸ் வளையத்தில ரேப் ஒட்டி வை. மோட்டர் அடப்டரைக் கொண்டுவந்தால் மைக்கைக் கமராவில இருந்து தள்ளி வை. தவில் அடிக்கேக்க அது முனகிறது ஒருத்தருக்கும் கேளாது, மந்திரம் சொல்லேக்க நல்லாய்க் கேக்கும்.