துபாய் விமானியின் தூக்கம் தொடர்பாக

பெறுநர்: மேலாளர் அவர்கள், ஊழியர் குடியிருப்புப் பிரிவு, என் கணவர் வேலை பார்க்கும் விமான நிறுவனம், துபாய்.

பொருள்: தினமும் இரண்டரை மணி நேர அமைதிக்கு நன்றி தெரிவித்தல்.

ஐயா,

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30லிருந்து 3 மணி வரை, திறந்தவெளியில் வெயிலில் யாரும் வேலை செய்யக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். கட்டடத் தொழிலாளிகள் சுருண்டு விழாமல் இருக்கப் போட்டது. அந்தப் புண்ணியத்தில் எங்கள் வில்லாவை ஒட்டிய மனையில் ஓடும் டிரில்லும் அப்போது ஓய்கிறது. என் கணவர் கண்ணை மூடுவது அந்த நேரத்தில்தான். சட்டம் போட்டது அரசாங்கம், நாங்கள் இல்லை என்று தன்னடக்கமாகச் சொல்வீர்கள். இருக்கட்டும், அந்த மனைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக் கொடுத்தது நீங்கள்தானே?

ராத்திரி இரண்டு மணியிலிருந்து விடியற்காலை ஆறு மணி வரை மனித உடம்பு விழித்திருக்க மறுக்கும் என்று விமானத் துறையின் விதிப்புத்தகங்களே எழுதி வைத்திருக்கின்றன. துபாய் விமான நிலையம் திருவிழாக் கூட்டமாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். முந்நூற்றுச் சொச்சம் பேரை ஏற்றி இறக்கிவிட்டு, காலை எட்டு மணிக்கு இவர் வீடு வருவார். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, காதுக்குப் பஞ்சு, ஏசி 21இல். தலையணையில் தலை வைத்ததும் பக்கத்து மனையில் டிரில் தொடங்கும். கட்டில் கால் வரை அதிரும். 28 நாளில் 100 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது, பணிக்குப் பணி இத்தனை மணி நேரம் ஓய்வு என்று ரோஸ்டரில் நிமிடக் கணக்கு போடுகிறீர்கள். அந்த ஓய்வை எங்கே வைத்து எடுப்பது என்பதுதான் உங்கள் பிரிவின் வேலை என்று நினைத்திருந்தேன்.

ஏசி ஒழுகுவதாகப் புகார் செய்தேன். ஆகஸ்ட் மாதம், வெளியே 45 டிகிரி. புகார் எண் உடனே வந்தது, குறை சொல்ல முடியாது. ஆள் ஒரு மணிக்கு வந்தாராம், பெல் அடித்தாராம், யாரும் திறக்கவில்லையாம். நான் பிள்ளைகளை அழைக்கப் போயிருந்தேன், இவர் தூங்கிக்கொண்டிருந்தார். “வீட்டில் ஆள் இல்லை, புகார் முடிக்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்தது. ஒரு விமானி தூங்கியதற்கு உங்கள் பிரிவில் இருக்கும் ஒரே ஆவணம் அதுதான்.

வீடு பிடிக்காவிட்டால் வாடகைப்படி வாங்கிக்கொண்டு வெளியே பாருங்கள் என்றீர்கள். பார்த்தோம். படி நீங்கள் மாதாமாதம் தருகிறீர்கள். வீட்டு உரிமையாளரோ ஒரு வருட வாடகையை ஒரே செக்கில் கேட்கிறார். மன்றாடினால் இரண்டு செக். அதற்கு மேல் வாடகையில் 5 சதவீதம் நகராட்சிக் கட்டணம், தண்ணீர், மின்சார பில்லோடு சேர்ந்து வரும். சந்தை வாடகையைவிட நம் வாடகை ரொம்பக் குறைவாக இருந்தால், புதுப்பிக்கும்போது 20 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ள 2013ஆம் வருட ஆணை இடம் தருகிறது. வாடகைப்படியை ஏற்றச் சொல்லும் ஆணை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஊரில் என் சின்ன மாமியார் மட்டும் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்: “துபாயில் வரியே கிடையாதாம்!”

வேலை போனால் வீடு போகும், விசா போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போகும். 2020இல் விமானங்கள் வரிசையாக முடங்கிக் கிடந்தபோது பல குடும்பங்கள் இதைக் கண்ணால் பார்த்தன. எங்கள் தெருவில் அப்போது காலி செய்த ஒருவரிடம், பிள்ளையார் படம் மாட்டிய ஆணி ஓட்டைக்குக் கூடப் பணம் பிடித்தீர்கள். இருபது வருடம் விமானம் ஓட்டியவர். ஓட்டைக்கான ரசீது மட்டும் அவர் கைக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

பெரிய வீடு வேண்டாம், நீச்சல் குளம் வேண்டாம். கேட்பது ஒன்றுதான். இரவு விமானம் ஓட்டுபவருக்கு வீடு ஒதுக்கும் முன், உங்கள் அலுவலர் ஒருவரை ஒரு நாள் காலை எட்டு மணி முதல் மாலை நான்கு வரை அங்கே படுக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தூக்கம் வந்தால் சாவியை எங்களிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
விமானியின் மனைவி