பனி விழாத கிறிஸ்துமஸ், திண்ணை இல்லாத தீபாவளி

1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவைக்காரர் மலாயாவின் பகாங் மலைமீது ஏறி ஒரு பீடபூமியைப் பார்த்தார். பார்த்தவர் அதை வரைபடத்தில் ஒழுங்காகக் குறிக்காமல் விட்டுவிட்டார். 1925-ல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் துரை வந்து, ‘மலைவாசஸ்தலத்துக்கு ஏற்ற இடம்’ என்று தலையாட்டும் வரை, துரைமார் கணக்கில் கேமரன்மலை கைவிட்டுப்போன சொத்து. அங்கேயே குடியிருந்த செமாய் பழங்குடி மக்களுக்கு இடம் தொலைந்த சேதியே தெரியாது.

துரைமாருக்கு அதன்மேல் என்ன அவ்வளவு ஆசை? குளிர்தான். கோலாலம்பூரில் வியர்த்து வழிந்துகொண்டு ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ கிறிஸ்துமஸ் மலரைப் புரட்டினால் யாருக்குத்தான் அழுகை வராது? பனி மூடிய கூரை, கணப்பு, கொழுத்த வான்கோழி! ஆகவே மலையில் டியூடர் பாணி வீடு கட்டினார்கள், கணப்பு வைத்தார்கள், ரோஜா நட்டார்கள். பனி மட்டும் விழவில்லை. நிலநடுக்கோட்டுக்கு நாலரை டிகிரி வடக்கே உட்கார்ந்துகொண்டு அதை எதிர்பார்த்ததே கொழுப்பு.

1929-ல் ரஸ்ஸல் துரை ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து கிள்ள நம்மாட்கள். நம்மவர்களுக்கும் அழுவதற்கு அட்டைப்படம் இருந்தது: தீபாவளி மலர். விகடனில் ஓவியர்கள் மாலி, கோபுலு; கல்கியில் மணியம். தீபாவளிச் சித்திரம் என்றாலே ஒரு மாமூல் உண்டு. ஓட்டு வீடு, திண்ணை, எண்ணெய்க் கிண்ணத்தோடு பாட்டி, கம்பி மத்தாப்போடு பட்டுப் பாவாடைச் சிறுமி, மோதிரத்துக்காக முறுக்கிக்கொள்ளும் தலைதீபாவளி மாப்பிள்ளை. தஞ்சாவூர்க்காரரான கோபுலு பாட்டியை வரைந்தால், அதட்டல் சத்தமே காதில் விழும்.

இந்தப் படத்தைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் நடத்திப் பார்க்க வேண்டுமே! கேமரன்மலையில் மழை வெளுத்துக்கட்டும் மாதங்கள் அக்டோபரும் நவம்பரும். தீபாவளி சரியாக அதற்குள் வந்து விழும். விடியற்காலை நாலு மணி. விறகு ஈரம், வெந்நீர் காய்வதற்குள் உடம்பு விறைத்துவிடும். தலையில் எண்ணெய் வைத்த பையன் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு பல்லால் தாளம் போடுகிறான். ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ என்று கேட்டால் அடிக்க வருவான். ஆச்சு, ஆனால் அது பெர்த்தாம் ஆறு. பட்டாசு நமுத்து, திரி சீறிவிட்டு அப்படியே தூங்கிவிடும். இந்தக் காட்சியை எந்த ஓவியரும் அட்டையில் போட்டதாகத் தெரியவில்லை. போட்டால் யார் காசு கொடுத்து வாங்குவது?

இரண்டு அட்டையிலும் ஒரே தில்லுமுல்லு. கிறிஸ்துமஸ் மலரில் இருக்கும் அந்தப் பனிக்கூரை மாளிகைக்குள் முன்வாசல் வழியாக நுழையும் அந்தஸ்து எத்தனை தோட்டத்துத் துரைக்குச் சொந்த ஊரில் இருந்தது? நம்மாள் கதை இன்னும் விசேஷம். அட்டையில் இருப்பது மிராசுதார் வீட்டுத் திண்ணை. ஊரில் இருந்தபோது துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருவில் நின்றபடியே ‘சாமி’ என்று குரல் கொடுக்க வேண்டிய இடம். கடல் தாண்டி, மலை ஏறி, லயத்துச் சுவரில் அதைச் சோற்றுப் பசையால் ஒட்டிவைத்துவிட்டு, ‘நம்ம ஊரு தீபாவளி மாதிரி வருமா’ என்று பெருமூச்சு விட்டால், அட்டைக்குள் இருக்கும் மிராசுதார் எழுந்து வந்து துரத்தவா போகிறார்?