கட்டைவிரல் தராத ஏகலைவர்

எந்த ஊர் இலக்கியக் கூட்டத்துக்குப் போனாலும் மூன்றாவது வரிசை ஓர நாற்காலியில் இவர் இருப்பார். கூட்டம் தொடங்குமுன் போண்டா, முடிந்தபின் கேள்வி. கேள்வி எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: "என் குருநாதர் தி.ஜானகிராமன் இந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்றால்..." பக்கத்து நாற்காலிக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பார். தி.ஜா. காலமானது 1982இல். நம்மவருக்கு அப்போது பால்பல்கூட விழுந்திருக்காது.

"நேரில் பார்த்ததில்லை சார், மானசீக குரு" என்பார், கொஞ்சமும் அசராமல்.

துரோணர் சேர்த்துக்கொள்ள மறுத்ததால்தான் ஏகலைவன் மண்ணில் சிலை பிடித்துவைத்தான். நம்மவரை யாரும் மறுக்கவில்லை. அவர் யாரிடமும் போய்க் கேட்கவே இல்லை. தவிர, ஏகலைவன் சிலைக்கு முன்னால் நின்று அம்பு விட்டுப் பழகினான். இவர் சிலையோடு நிறுத்திக்கொண்டார்.

தி.ஜா.வைத் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான காரணம் வைத்திருந்தார். வானொலிக்குப் போகுமுன் அவர் உண்மையிலேயே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அதற்குமேல் என்ன தகுதி வேண்டும்? பாடம் உடனே தொடங்கியது. வீட்டில் டிகிரி காபி, கைப்பேசியில் தம்பூரா சுருதி, அவருடைய 'மோகமுள்' நாவல் நடந்த தெருக்களைப் பார்க்கக் கும்பகோணத்துக்கு ஒரு யாத்திரை. காவிரிப் படித்துறையில் கன்னத்தில் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். கொழுந்து வெற்றிலை வாங்கி வந்தார். எழுத மட்டும் வேளை வாய்க்கவில்லை.

அடுத்து சுஜாதா. கதையில் ஒருவன் மாடிப்படி இறங்கினால் எழுத்துகளையே படிப்படியாக இறக்கிக் காட்டியவர். நம்மவரும் தம் கதாநாயகனைக் கிணற்றில் இறக்கினார், ஓர் எழுத்துக்கு ஒரு வரி வீதம். கதையை வாங்கிக்கொண்ட ஆண்டுமலர்க்காரர்கள் அச்சுப்பிழை என்று நினைத்து நேராக்கிப் போட்டுவிட்டார்கள். கதாநாயகன் கிணற்று மேட்டிலேயே நின்றான்.

பிறகு கி.ராஜநாராயணன். பள்ளிப்படிப்பை முடிக்காத கி.ரா., பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உட்கார்ந்தவர். இதில் முதல் பாதி நம்மவருக்கு மிகவும் பிடித்திருந்தது. கி.ரா. காது கொடுத்துக் கேட்டுச் சேர்த்த சொற்களின் அகராதியை இவர் ஒரே மத்தியானத்தில் வாங்கிவந்து, அன்று இரவே கதையில் கொட்டினார். கதை நடந்தது சைதாப்பேட்டையில். ஆட்டோக்காரரும் மாடிவீட்டு ஆடிட்டரும் கோவில்பட்டிப் பேச்சில் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் மௌனியிடம் வந்து சேர்ந்தார். புதுமைப்பித்தனே 'சிறுகதையின் திருமூலர்' என்று சொன்ன ஆள். 77 வயதுவரை வாழ்ந்தும் எழுதிய கதைகள் சுமார் 24தான். "எழுதாமல் இருப்பதும் ஒரு பயிற்சிதான் சார்" என்றார் நம்மவர். சிக்கனமான குருவுக்கு அதைவிடச் சிக்கனமான சீடர். அன்றிலிருந்து ஒரு வரி கிடையாது.

"நிஜமாகவே சொல்லிக்கொடுத்தவர்களும் தமிழில் உண்டே, ரா.கி.ரங்கராஜன் தபாலிலேயே கதை எழுதக் கற்றுக்கொடுத்தாரே" என்று ஒருமுறை எடுத்துக்கொடுத்தேன். முகம் சுளித்தார். "அதெல்லாம் பயிற்சி சார். நான் சொல்வது தீட்சை."

"சரி, உயிரோடு இருக்கும் எழுத்தாளர் யாரையாவது பிடிக்கலாமே?"

"அவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம். கதையைக் காட்டு என்கிறார்கள்."

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. முன்பு ஒருவருக்கு ஐந்து பக்கக் கதையை அனுப்பியிருக்கிறார். "முதல் நாலு பக்கத்தை எடுத்துவிட்டால் நன்றாக வரும்" என்று பதில் வந்திருக்கிறது. அன்றைக்கே உயிரோடிருக்கும் வாத்தியார்களைக் கைவிட்டார். காலமானவர்கள் பரம சாது. சிவப்பு மசி வைத்திருப்பதில்லை, நாளைக்கு வா என்று விரட்டுவதில்லை, சீடன் எழுதியதைப் படிக்கவே மாட்டார்கள். கனவு வாத்தியாருக்கு நம்மவர் பார்க்கும் லட்சணங்கள் மொத்தமும் இவ்வளவுதான்.

"குருதட்சணையாகக் கட்டைவிரலைக் கேட்டிருந்தால்?" என்றேன்.

"ஐயோ, அது முடியாதே. குருவைப் பற்றிப் போனில் தட்டுவதெல்லாம் அதால்தானே!"

இத்தனைக்கும் குருமார்கள் சும்மா இருந்து எழுதியவர்கள் இல்லை. லா.ச.ரா. வங்கியில் வேலை பார்த்தார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தார். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. குரு வேலைக்குப் போய்வந்து எழுதினார். சீடர் வேலைக்குப் போய்வந்து குருவைப் பற்றிப் பேசுகிறார்.

பிடித்த எழுத்தாளரை வாத்தியாராக வரித்துக்கொள்வதில் தப்பே இல்லை. அதற்குக் காபியும் வெற்றிலையும் வேண்டாம். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் ஒரு பக்கத்தைப் பிரித்துவைத்து, சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்யாமல், குடமும் குழாயும் தெருவும் மட்டும் வைத்துக்கொண்டு மனிதர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்த்தால் போதும். அதே விஷயத்தை நாம் எழுதினால் எத்தனை ஐயோ, எத்தனை அந்தோ போட்டிருப்போம் என்று எண்ணிப் பார்த்து, அவற்றை அடித்துவிட வேண்டும். அதுதான் முதல் பாடம். ஆனால் அடிப்பதற்கு முதலில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் இவர் உங்கள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் குரு யார் என்று கேட்டுவிடாதீர்கள், கடைசி பஸ் போய்விடும். இந்த வருஷம் எழுதிய கதை எங்கே என்று கேளுங்கள். போண்டா எடுக்க எழுந்து போவார். நீங்கள் நிம்மதியாகக் கூட்டத்தைக் கேட்கலாம்.