சாயும் முத்திரை: ஜப்பானியப் பள்ளிப் படிவங்களில் வணக்கத்தின் இடம்

எழுத்திலும் சொல்லிலும் வல்லவர்கள் கிடைத்துவிட்டார்கள், பொருளதிகாரம் அறிந்தவர் மட்டும் ஒருவரும் அகப்படவில்லையே என்று பாண்டிய மன்னன் வருந்திய கதையை இறையனார் களவியல் உரையில் காண்கிறோம். ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகும் புது வாத்தியாரின் வருத்தமும் அதுவே. அவர் மேசைக்கு வரும் படிவத்தில் எழுத்து உண்டு. கைப்பேசிச் செயலியைக் காட்டினால் சொல்லும் புரிந்துவிடும். இந்தத் தாளை எதற்கு நிரப்புகிறோம், இதை யார் படிக்கப் போகிறார்கள் என்ற பொருள் மட்டும் கடைசிவரை அகப்படாது. பாண்டியனுக்காவது செப்பேட்டில் சூத்திரம் எழுதிப் பீடத்தின் கீழ் வைக்க ஆலவாய்க் கடவுள் இருந்தார். வாத்தியாருக்கு அந்தப் பாக்கியம் வாய்க்காததால் இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதன் துணிபு ஒன்றே: ஜப்பானியப் பள்ளியில் படிவமும் அறிக்கையும் செய்தி சொல்லப் பிறந்தவை அல்ல, அவை தாளில் செய்யப்படும் வணக்கங்கள். அவற்றில் செய்தியைத் தேடுபவர், எதிரே வந்தவர் கை கூப்பியதும் உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பவரை ஒப்பார்.

முதலில் களத்தை வரையறுப்போம். வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு வரவழைக்கும், ஜெட் எனப்படும் ஜப்பானிய அரசுத் திட்டம் 1987இல் தொடங்கியது. முதலாண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய 4 நாடுகளிலிருந்து 848 பேர் வந்தார்கள். இப்போது பல நாடுகளிலிருந்தும் வருகிறார்கள்; பத்தில் ஒன்பது பேருக்கு மேல், ஏஎல்டி என்று சுருக்கி அழைக்கப்படும் உதவி மொழியாசிரியர்கள். இவர்களில் பெரும்பாலோர் வந்திறங்குவது ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ. அப்போது பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. மாணவர் இல்லை, பாடம் இல்லை. ஆசிரியர் அறை மட்டும் திறந்திருக்கும், அதில் அவருக்கொரு மேசை இருக்கும், மேசைமேல் தாள் இருக்கும். ஆக, கற்பிக்க வந்தவர் முதலில் சந்திப்பது மாணவனை அல்ல, படிவத்தை. குடிபுகுந்த 14 நாளுக்குள் நகர அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். வசிப்பு அட்டையின் பின்புறத்தில் அதை ஏற்றித் தருவார்கள். அடுத்து வங்கி. வங்கிக் கணக்குக்குத் தொலைபேசி எண் கேட்பார்கள், தொலைபேசி இணைப்புக்கு வங்கிக் கணக்கு கேட்பார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற நம்மூர்ப் பழமொழியின் கடல் கடந்த வடிவம் இது. ஆனால் பள்ளியிலிருந்தோ கல்வி வாரியத்திலிருந்தோ ஒருவர் கூடவே வந்து இரண்டு இடத்திலும் குனிந்து நாலு வார்த்தை பேசினால் முடிச்சு பெரும்பாலும் அவிழ்ந்துவிடுகிறது. தாளால் அவிழாதது குனிதலால் அவிழ்ந்தது. இதை ஆய்வாளர் ஓரத்தில் குறித்துக்கொள்க.

இனிச் சான்றுகள். ஹாங்கோ என்னும் பெயர் முத்திரை, சுண்டுவிரல் தடிமனில் ஒரு சிறு உருளை. சாதாரணப் புழக்கத்துக்கானதன் முகம் 10 முதல் 12 மில்லிமீட்டர் வட்டம். காலையில் வந்ததும் வருகைப் பதிவேட்டில் அன்றைய கட்டத்தில் இதைச் சிவப்பு மசி தொட்டு ஒற்றும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. துணைத் தலைமையாசிரியரின் மேசையோ ஆசிரியர் அறை முழுவதையும் ஒரே பார்வையில் அளக்கும் இடத்தில் போடப்பட்டிருக்கும். வாத்தியார் உள்ளே வந்ததை அவர் கண்ணால் காண்கிறார். வாத்தியார் உரக்கச் சொன்ன காலை வணக்கத்தைக் காதால் கேட்கிறார். அதற்குப் பிறகும் வந்ததற்கு முத்திரை வேண்டும். செய்தி என்று கொண்டால் இது நன்னூல் கடிந்த பத்துக் குற்றங்களுள் ஒன்றாகிய கூறியது கூறல். வணக்கம் என்று கொண்டால் குற்றமில்லை. கும்பிட்டவரே மறுபடி கும்பிட்டால் அதை எந்த இலக்கண நூலும் கடியவில்லை.

விடுப்புப் படிவம் இன்னும் தெளிவான சான்று. அரைநாள் விடுப்பு வேண்டுமானால், உடன் கற்பிக்கும் ஜப்பானிய ஆசிரியரிடம் முதலில் வாயால் கேட்க வேண்டும். அவர் துணைத் தலைமையாசிரியர் காதில் போடுவார். இசைவு வரும். இப்படி ஒவ்வொருவராக முன்கூட்டியே கலந்து பேசிவைப்பதற்கு நேமவாஷி என்று பெயர். மரத்தைப் பெயர்த்து நடுமுன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்தும் தோட்ட வேலையின் பெயர்தான் இதற்கு ஆகிவந்திருக்கிறது. வேர் வேலை முடிந்த பிறகே படிவம் புறப்படுகிறது. எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சுமந்துகொண்டு அது மேசை மேசையாகப் போய்ச் சிவப்பு வட்டங்களுடன் திரும்புகிறது. இது வீண் வேலை என்று நினைப்பவர்கள், தேதி, மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் தொலைபேசியில் சொல்லிவிட்ட சித்தப்பா வீட்டுக்கே நாம் வெற்றிலை பாக்குடன் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுப்பதை நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பத்திரிகையை யாராவது தகவலுக்காகப் பிரிக்கிறார்களா? கொண்டுவந்து கொடுக்காவிட்டால் சித்தப்பா வருவாரா?

இக்கட்டுரையின் தலைமைச் சான்று கோணம் பற்றியது. ஜப்பானிய வங்கிகள் சிலவற்றிலும் நிறுவனங்கள் சிலவற்றிலும் ஒரு மரபு உண்டு. ஒப்புதல் கட்டங்கள் வரிசையாக இருக்க, இடக்கோடியில் இருப்பது தலைவரின் கட்டம். கீழ்நிலையில் உள்ளவர் தம் முத்திரையை நேராக ஒற்றாமல் சற்றே இடப்புறம் சாய்த்து ஒற்றுவார், தலைவரின் முத்திரையைப் பார்த்துக் குனிவது போல. அதன் பெயரே வணங்கும் முத்திரை. நடைமுறைகளைப் பற்றி எழுதும் ஜப்பானியர்களே இதைக் கேலி செய்வதும் உண்டு. எல்லாப் பள்ளியிலும் இம்மரபு இல்லை என்பதை இக்கட்டுரை மறைக்கவில்லை. ஆனால் ஒரு மலரைக் கொண்டு கொடியின் குடும்பத்தைத் தாவரவியலார் சொல்லிவிடுவது போல, ஒரு சாய்வைக் கொண்டு முத்திரைக் குலம் முழுவதன் இயல்பையும் சொல்லிவிடலாம். செய்தி சொல்வதே வேலை என்றால் அதற்கு இடுப்பு எதற்கு?

பிழைபட்டபோது என்ன நடக்கிறது என்பது இதற்கு அடுத்த நிலைச் சான்று. முறையான படிவத்தில் தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசக் கூடாது. சூட்டில் அழியும் மைப்பேனா ஜப்பானிலேயே பிறந்தது, ஆனால் ஜப்பானியப் படிவத்தில் அதற்கு இடமில்லை. தவறின்மீது இரட்டைக் கோடு இழுத்து அதன்மேல் முத்திரை ஒற்ற வேண்டும். தவறு அப்படியே தெரியும், அதற்காகத் தலை குனிந்ததும் தெரியும். இதைவிட நுட்பமானது சுதே-இன் என்னும் ஓர முத்திரை. பின்னால் ஏதேனும் பிழை தென்பட்டால் திருத்திக்கொள்ளுங்கள் என்று, பிழை நேரும் முன்பே தாளின் ஓரத்தில் ஒற்றிவைப்பது. காப்பியப் புலவர்கள் கதையைத் தொடங்கும் முன்பே பாடிவைக்கும் அவையடக்கத்துக்கு இது அச்சாக நிகர். நாம் அதற்குச் சில விருத்தங்களைச் செலவிட்டோம். அவர்கள் ஒரு வட்டத்தில் முடித்துவிட்டார்கள்.

அறிக்கைக்கு வருவோம். தொடக்கப் பள்ளியில் பாட வேளை 45 நிமிடம். 2020 முதல் அங்கே 5, 6ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டதால் பாடத்திட்டத் தாள்களும் பெருகியிருக்கின்றன. ஷிதோஅன் எனப்படும் அத்தாளில் இத்தனை நிமிடம், மாணவர் செய்வது, வகுப்பாசிரியர் செய்வது, உதவியாசிரியர் செய்வது, கவனிக்க வேண்டியது என்று பத்திகள் பிரிந்திருக்கும். முதல் வரிசையில் வணக்கம். கடைசி வரிசையிலும் வணக்கம். இடையில் இருப்பதைப் பாடம் என்கிறார்கள். பாடம் முடிந்ததும் எழுதும் அறிக்கையில் ஹான்செய், அதாவது தன்னைத் திரும்பிப் பார்த்தல், என்றொரு பகுதி இருக்கும். புதியவர் இங்கேதான் வழுக்குகிறார். வகுப்பு மிக நன்றாகப் போனது, மாணவர்கள் மகிழ்ந்தார்கள் என்று எழுதிவிடுகிறார். அது உண்மையாகவே இருக்கலாம். கும்பிடு போட வேண்டிய இடத்தில் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. நேரம் போதவில்லை, அடுத்த முறை படங்களை இன்னும் பெரிதாகக் கொண்டுவருவேன் என்று எழுதுபவரே முறை தெரிந்தவர். சிறப்புக் குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தால் வெறுமனே விடக் கூடாது. குறிப்பிட்டுச் சொல்ல ஏதுமில்லை என்று எழுதவாவது வேண்டும், குறுக்குக் கோடாவது இழுக்க வேண்டும். சொல்ல ஒன்றுமில்லை என்பதைச் சொல்லாமல் போவது, விடைபெறாமல் எழுந்து போவதற்குச் சமம்.

பெயர்க் கட்டத்தை விரைந்து கடப்போம், விட்டால் அதுவே தனி நூலாகும். வெளிநாட்டுப் பெயர் கதாகானா எழுத்தில் நீண்டுவிடுகிறது. கிறிஸ்டோஃபர் என்ற பெயர் 7 எழுத்தாகி, 2 எழுத்துக் குடும்பப் பெயருக்காக வெட்டிய கட்டத்தில் முழங்கால் மடக்கி உட்கார்கிறது. நகர அலுவலகத்தில் ஒருவிதமாகவும் வங்கியில் வேறுவிதமாகவும் எழுதிவிட்டால் சம்பளத்தை அனுப்புவோரும் பெறுவோரும் தடுமாறுவார்கள். தமிழர் போனால் சிக்கல் வேறு மாதிரி. இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட்டதும் எல்லாரும் அதோடு சான் என்னும் மரியாதைச் சொல்லைச் சேர்த்து அழைக்கத் தொடங்குவார்கள். தினமும் பள்ளிக்கு நடப்பவர் மகன், பதிவேட்டில் வருகை தருபவர் அப்பா. பெற்றவருக்கு இதைவிட வணக்கம் ஏது?

பூர்வபட்சம் கூறுவோர் இருவர். படிவம் சட்டச் சான்று, தணிக்கைக்கு வேண்டும், வணக்கம் கிணக்கம் எல்லாம் கற்பனை என்பார் ஒருவர். அற்றன்று. சான்றுதான் நோக்கம் என்றால் எளிதில் போலி செய்ய முடியாத ஒன்றையே சான்றாக வைத்திருப்பார்கள். தனாகா, சுசுகி போன்ற பரவலான குடும்பப் பெயர் முத்திரைகள் 100 யென் கடையில் தட்டில் அடுக்கி விற்கப்படுகின்றன. அன்றாடப் படிவங்களில் விழுபவை பெரும்பாலும் இத்தகையவையே. நகர அலுவலகத்தில் பதிந்த தனி முத்திரை ஒன்று உண்டு, அது வீடு, கார் வாங்கும்போது வெளிவரும். இந்தக் கணக்கில், பள்ளியிலேயே போலி செய்யக் கடினமான முத்திரை வெளிநாட்டு வாத்தியாருடையதுதான்; அவர் பெயர் எந்தக் கடைத் தட்டிலும் கிடைக்காது, சொல்லிச் செதுக்க வேண்டும். தகவலுக்காகவே வாழும் தாள் எப்படி இருக்கும் என்பதற்கு எதிர்ச்சான்று அமெரிக்கா. இரட்டை வரியைத் தவிர்க்கும் ஒப்பந்தம் 2019இல் திருத்தப்படும் வரை, அதன்படி 2 ஆண்டு வரிவிலக்குப் பெற, ஜப்பானில் குடியிருக்கப் போகும் அமெரிக்க வாத்தியார், தாம் அமெரிக்காவில் வசிப்பவர் என்று அந்நாட்டு வரித்துறையிடம் கட்டணம் செலுத்தி 6166 எண் படிவத்தில் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அதில் தகவல் உண்டு, முரண் உண்டு. குனிவு துளியும் இல்லை.

இரண்டாமவர் காலம் மாறிவிட்டது என்பார். பெருந்தொற்றின்போது முத்திரை ஒற்றுவதற்காகவே மக்கள் ரயிலேறி அலுவலகம் போக நேர்ந்தது. நிர்வாகச் சீர்திருத்த அமைச்சர் கோனோ தாரோ 2020 நவம்பரில், அரசு நடைமுறைகள் 14,992 வகைகளில் 83 தவிர மற்றவற்றுக்கு முத்திரை தேவையில்லை என்று அறிவித்தார். இது வலுவான தடை, ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அதே ஆண்டு அவர் சமூக வலைத்தளத்தில் வெளியிட்ட படமொன்றை ஆய்வுலகம் மறக்கலாகாது: முத்திரை ஒழிப்பு என்ற எழுத்துகளைப் பொறித்த ஒரு முத்திரை. கண்டனம் எழவே நீக்கிவிட்டார். ஒழிப்பதற்கும் ஒன்றை ஒற்றிக் காட்ட வேண்டியிருந்தது. கணினித் திரையில் ஒற்றும் மின் முத்திரைகளும் வந்துவிட்டன. அவற்றுள் சிலவற்றில், வேண்டிய கோணத்துக்கு முத்திரையைச் சாய்த்துக்கொள்ளும் வசதியையும் செய்து தந்திருக்கிறார்கள். மசி போயிற்று, தாள் போயிற்று, இடுப்பு போகவில்லை.

தீராத ஐயம் ஒன்று எஞ்சுகிறது. உதவியாசிரியருக்கு ஒப்புதல் வரிசையில் கட்டம் கிடையாது. விண்ணப்பதாரர் பெயருக்குப் பக்கத்தில்தான் அவர் முத்திரை விழும். இடப்புறம் அவருடைய சொந்தப் பெயரே இருக்கிறது. அந்தப் பக்கம் சாய்த்தால் தன்னைத் தானே வணங்கிய குற்றம் சேரும். வலப்புறம் வெற்றுத் தாள். கீழே பல படிவங்களில் விடுப்பின் காரணம் இருக்கும். அதை வணங்கினால் சோம்பல் வெளிப்பட்டுவிடும். மேலே இருப்பது தேதி. தேதியை ஜப்பானியப் படிவம் பேரரசரின் ஆட்சியாண்டில் கேட்கிறது. 2000இல் பிறந்தவர் ஹெய்செய் 12இல் பிறந்தவராகிறார். 2019 மே முதல் நாளிலிருந்து நடப்பது ரெய்வா. 1989இல் 7 நாள் மட்டுமே நீடித்த ஷோவா 64ஆம் ஆண்டில் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கட்டமில்லாத வாத்தியார் தம் முத்திரையை மேல்நோக்கிச் சாய்ப்பாராயின், துணைத் தலைமையாசிரியர், தலைமையாசிரியர், கல்வி வாரியம் அனைவரையும் தாண்டி நேரே அரண்மனைக்கு ஒரு கும்பிடு போட்டவராவார். அதற்கு வாய்மொழி இசைவு முன்கூட்டியே யாரிடம் பெற வேண்டும் என்பது மேலும் ஆராயத்தக்கது.