பணம் போச்சு, புடவை வரலை!

கே: ஆன்லைனில் புடவைக்குப் பணம் கட்டினேன். வங்கிக் கணக்கில் கழிந்துவிட்டது. கடையோ ‘பேமெண்ட் ஃபெயில்டு’ என்கிறது. நடுவில் சுருட்டியது யார்?
- வாசகி, திண்டுக்கல்

ப: யாரும் சுருட்டவில்லை, திரிசங்கு சொர்க்கத்தில் தொங்குகிறது! வங்கி கழித்துவிட்டது; அந்தத் தகவல் கடையின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. பணப் பரிமாற்றம் முழுசாக நடக்கணும், இல்லையேல் நடந்த சுவடே இருக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலின் இலக்கணம். ஒரே வங்கிக்குள் அது சுலபம். இரண்டு வங்கி, நடுவே பணத்தைக் கைமாற்றிவிடும் ஒரு பேமெண்ட் கேட்வே என்றால்தான் இழுபறி.

ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, கட்டிய நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால், நீங்கள் கேட்காமலே நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. (வங்கி தூங்கினால் ரவிக்கைத் துணியும் தேறும்!) அதற்குள் பதற்றத்தில் புது ஆர்டர் போட்டு மறுபடி கட்டாதீர்கள், ரெஃபரன்ஸ் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.