நீலக்கொடி வழங்கும் சபையாருக்கு ஒரு விண்ணப்பம்

டென்மார்க் தேசத்துக் கோபன்ஹேகன் நகரத்தில் எழுந்தருளியிருந்து, பூலோகத்துக் கடற்கரைகளைப் பரீட்சித்து, தேறியவற்றுக்கு நீலக்கொடி அருளிவரும் சர்வதேச சபையின் கனம் பொருந்திய அங்கத்தினர்களுக்கு, சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரையில் மாலை வேளையில் உலாவுவதைத் தவிர வேறு உத்தியோகம் ஏதும் வகிக்காத ஒருவன் வணக்கத்துடன் செய்துகொள்ளும் விஞ்ஞாபனம்.

1985-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் பிறந்த தங்கள் கொடி, 2021-இல், தமிழ்நாட்டிலேயே முதலாவதாக எங்கள் கோவளத்தின்மீது பறக்கத் திருவுளம் கொண்டது பற்றி எங்களுக்குண்டான பெருமிதத்தை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன். கொடிகள் எங்களுக்குப் புதியவை அல்ல. ஐரோப்பாவின் ஆஸ்டெண்டு கம்பெனியார் இங்கே பண்டகசாலை வைத்து வியாபாரம் செய்தார்கள். ஆற்காட்டு நவாப் கோட்டை கட்டினார். அதைப் பிரெஞ்சுக்காரர் பறித்துக்கொள்ள, அவர்களிடமிருந்து 1752-இல் கிளைவ் பறித்துத் தகர்த்தான். அது நின்ற இடத்தில் இப்போது பிரபுக்கள் தங்கும் ஹோட்டல் ஒன்று நிற்கிறது. இவ்வளவு பேரில் எவரும் தம் கொடியோடு கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் முதலுதவிப் பெட்டியும் கொண்டுவந்ததாகச் சரித்திரத்தில் பிரஸ்தாபமில்லை. அவ்வகையில் தங்கள் ஆதிக்கமே சிலாக்கியமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வருஷந்தோறும் மறுபடி பரீட்சை எழுதித் தேறினால்தான் கொடி நிலைக்கும் என்ற நிபந்தனையை மட்டும் அந்த நவாபுக்கு யாராவது விதித்திருக்கலாம்.

தங்களுடைய 33 விதிகளையும் சிரத்தையாகப் படித்தேன். நூறு மில்லிலிட்டர் கடல்நீரில் மலக்கிருமிகள் இத்தனைக்கு மேல் இருத்தலாகாது என்று எண்ணிக் கணக்கிட்டிருக்கும் தங்கள் நுட்பத்தைக் கண்டு வியந்தேன். எங்கள் முன்னோருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அமாவாசை, பௌர்ணமி, கிரகணம் போன்ற புண்ணிய காலம் வாய்த்தாலொழியச் சமுத்திரத்தைத் தீண்டலாகாது, சேதுக்கரைக்கு மட்டும் விலக்கு என்று சாஸ்திரம் சொல்லிவிட்டபடியால், கடல் நீராட்டு அவர்களுக்குச் சங்கல்பத்தோடு செய்யும் கர்மாவாக இருந்ததேயன்றிப் பொழுதுபோக்காக இருந்ததில்லை. நாய்களைக் கட்டுப்படுத்த வேண்டுமென்ற விதியை எங்கள் ஊர் நாய்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பை மட்டும் என்மீது சுமத்தாதிருக்கப் பிரார்த்திக்கிறேன்.

இவை கிடக்க, நான் இதனை எழுத நேர்ந்த விஷயம் வேறு. கடற்கரையைப் பலவிதமாக உபயோகிப்போர் ஒருவரோடொருவர் மோதி விபத்துக்கு உள்ளாகாதபடி நிர்வகிக்க வேண்டும் என்பது தங்கள் விதிகளுள் ஒன்று. நீந்துவோர், அலைச்சறுக்கு ஆடுவோர், ஜெட் ஸ்கீயில் சீறுவோர், கயாக்கில் துடுப்புப் போடுவோர் என்று வகுப்பு வகுப்பாகப் பிரித்துக்கொண்டு போகையில், விடியுமுன் எழுந்து, எவருடைய அனுமதிச் சீட்டும் இல்லாமல், அதே அலையைத் தாண்டிப் போய் அதே அலையின்மீது திரும்பி வருகிற மீனவர்களை எந்த வகுப்பில் சேர்ப்பது? அவர்களை வேலைக்காரர் என்று வைத்தால், உல்லாசத்துக்கென்று ஒழுங்கு செய்யப்பட்ட கரையில் வலை உலர்த்துவது பார்வைக்கு ஒவ்வாது என்று நாளைக்கே ஒரு மகானுபாவர் அபிப்பிராயம் சொல்லக்கூடும். ஆகையால் அவர்களையும் விளையாட்டுக்காரர்களாகவே பதிவு செய்துவிட்டால் என்ன என்பதே என் யோசனை.

இது அவ்வளவு விபரீதமான யோசனையன்று. நாலைந்து மரங்களைக் கயிற்றால் பிணைத்து, கரையில் உடையும் அலைகளை நின்று கவனித்து, பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து ஓய்ந்த அந்தச் சிறு இடைவேளையில் தள்ளி ஏறி, திரும்பும்போது மரத்தின்மேல் நின்றபடியே அலை முதுகில் வந்து மணலில் இறங்குவதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்த காலத்தில் அதைப் படம்பிடிக்க ஒருவரும் வரவில்லை. இன்று கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகு பிடித்துக்கொண்டது. அதே மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் ஒற்றைப் பலகை ஒன்றை வாங்கி, குப்புறப் படுத்துக் கையால் துழாவி, அலை தூக்கும் கணத்தில் துள்ளி எழுந்து நின்றார்கள். உடனே அது சாகசமாயிற்று. 2013-இல் இங்கே அதற்கொரு திருவிழாவும் தொடங்கிற்று. டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயத்திலும் அவ்வித்தை இடம்பெற்றுவிட்டது. பட்டணத்திலிருந்து காரில் வரும் இளைஞர்கள் அப்பிள்ளைகளிடம் காசு கொடுத்து, விழவும் எழவும் கற்றுப்போகிறார்கள். இதில் எனக்குச் சந்தோஷமேயொழிய வேறில்லை. கடலை அறிந்தவனுக்குக் கடலால் நாலு காசு கிடைப்பதை வெறுப்பவன் மூடன். தகப்பன் செய்தது தொழில், பிள்ளை செய்வது விளையாட்டு என்று பிரித்த நீதி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

கரைவலையைப் பாருங்கள். படகில் வலையை ஏற்றிப்போய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, இரு பக்கமும் நீண்ட கயிற்றைப் பத்துப் பதினைந்து பேர் இடுப்பால் உந்தியும் குதிகாலை மணலில் ஊன்றியும் மணிக்கணக்கில் இழுக்கிறார்கள். மோட்டார்ப் படகின் பின்னால் கயிற்றில் தொங்கியபடி ஆகாயத்தில் சில நிமிஷம் இழுபடுவதற்குப் பாராசெய்லிங் என்று பெயரிட்டுக் கட்டணம் வாங்குகிற உலகத்தில், கயிற்றை இழுப்பவருக்கு ஒரு சான்றிதழாவது கூடாதா?

உயிர்காப்பாளரைப் பற்றியும் தாங்கள் விதித்திருக்கிறீர்கள். சென்னைக்குத் துறைமுகம் ஏற்படுவதற்கு முன்னே, கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, துரைகளும் துரைசானிகளும் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலைவாய் கடந்து கரையேறிய நாளில், படகு கவிழ்ந்தால் விழுந்தவரைத் தூக்கிவிடுவதற்கென்று கூடவே மிதந்து சென்றவர்கள் கட்டுமரக்காரர்களே. உயிர் காத்தவர்களுக்குச் சர்க்கார் பதக்கம் அளித்ததுமுண்டு. அக்காலத்து வெள்ளைக்காரர் தம் பிரயாணத்தைச் சாகசம் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கக்கூடும். தூக்கியவர்கள் ஒன்றும் எழுதவில்லை. ஆதலின் உயிர்காப்பாளர் வகுப்பிலும் இவர்களுக்கு மூப்புரிமை கோர நியாயமிருக்கிறது.

தங்கள் பரிசோதகர்கள் சொல்லாமலும் வந்து சோதிப்பதுண்டு என்று அறிகிறேன். அவ்வாறு வருகிறவர் பத்து மணிக்குக் குளிர்கண்ணாடியோடு வந்து குப்பைத்தொட்டிகளை எண்ணிவிட்டுத் திரும்பாமல், ஒரு நாளாவது வைகறையில் வந்து கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, அது தொழிலா விளையாட்டா என்பதைத் தம் தோள்பட்டையைக் கேட்டு முடிவு செய்யும்படி ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். இழுத்தவருக்கு மீனில் பங்கு கொடுப்பது கரைவலை வழக்கம். ஆகவே அவர் கையோடு ஒரு பை கொண்டுவருவது உத்தமம்.

இங்ஙனம்,
தங்கள் கொடியின் கீழ் காற்று வாங்கும்
ஒரு விசுவாசி.