மிதியொலி: தொகை, வகை, விரி

மிதியொலி என்பது, சைக்கிளின் பெடலை மிதிக்கும்போது எழுந்து, மிதிப்பதை நிறுத்தியதும் அடங்கும் வேண்டாத ஓசை. இந்த இலக்கணத்தில் பின்பாதியே முக்கியம். மிதிக்காமல் வண்டி தானாக உருளும்போதும் தொடர்கிற ஓசை என்றால் டயர் மட்கார்டில் உரசுகிறது, அல்லது பிரேக் கட்டை ரிம்மைத் தொடுகிறது, அல்லது ஹப்பில் கோன் அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது. அவை இந்நூலின் எல்லைக்குள் வாரா. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் கேட்கும் லொடலொட, சாலை போட்டவரின் துறை; அதில் சைக்கிளியலார் கருத்துச் சொல்வது மரபன்று.

மிதியொலி தொகையால் ஒன்று. வகையால் மூன்று: பெடல் ஒரு சுற்று வர ஒரு முறை கேட்பது, இரு முறை கேட்பது, எண்ணிக்கையில் பிடிபடாதது. விரியால் எத்தனை என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. உடன்பாடு வந்துவிட்டால் அடுத்த கருத்தரங்குக்குத் தலைப்பு இருக்காது.

முதலில் பிறப்பியல். இறுகப் பொருந்தியிருக்க வேண்டிய இரண்டு உலோகப் பரப்புகள் காய்ந்தோ தளர்ந்தோ போனால், மிதியின் அழுத்தத்தில் ஒட்டும், சற்றே வழுக்கும், மறுபடி ஒட்டும். வயலின் தந்தியில் வில் செய்வதும் இதுவே. அங்கே கச்சேரி, இங்கே கிறீச். சைக்கிள் சட்டமோ உள்ளீடற்ற குழாய். ஆகவே ஓசை பிறந்த இடத்தில் நிற்பதில்லை. ஹேண்டில் தண்டில் பிறந்தது கிராங்க் அருகே கேட்கும். சீட்டுக்கு அடியில் பிறந்தது பெடலில் கேட்கும். காதை நம்பி ஸ்பேனரை எடுப்பவர், ஒரு குற்றமும் செய்யாத பாகத்தைக் கழற்றுவார். ஆய்வுக்கு முதற்கருவி காது அன்று, கணக்கு.

முன் பல்சக்கரத்தில் 48 பல், பின் ஃப்ரீவீலில் 18 பல், செயினில் 112 கண்ணி என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்று வர பின் சக்கரம் 2⅔ சுற்று வரும். செயின் ஒரு முழு வலம் வர பெடல் 2⅓ சுற்று வர வேண்டும். அதாவது பெடலின் 7 சுற்றுக்குச் செயின் 3 வலம். முட்டியை எண்ணிக்கொண்டே ஒரு தெரு ஓட்டினால் பாதி ஆய்வு முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு நான்கு சோதனைகள். சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்க ஓசை நின்றால் குற்றம் சீட்டில். ஹேண்டிலில் கை பட்டும் படாமலும் இருக்க நின்றால் ஹேண்டிலில். ஸ்டாண்டு போட்டுக் கையால் பெடலைச் சுற்றும்போதும் கேட்டால், பாரம் இல்லாமலே ஏதோ உரசுகிறது. கையால் சுற்றக் கேட்காமல் ஏறி மிதிக்க மட்டும் கேட்டால், பாரம் ஏறும் மூட்டு ஒன்று தளர்ந்திருக்கிறது. இவற்றுக்குக் கருவியோ நிதியுதவியோ தேவையில்லை என்பதே இவை ஆய்வுலகில் பரவாமைக்குக் காரணம் என்ப.

இனி வகை ஒவ்வொன்றாக.

சுற்றுக்கு ஒரு முறை கேட்பதற்கு முதல் காரணம் செயின் கவர். எங்கேயோ இடித்து உள்வாங்கிய தகட்டைப் பல்சக்கரமோ கிராங்கோ ஒவ்வொரு சுற்றிலும் தொட்டுச் செல்லும். மருந்து, கட்டைவிரல். தகட்டை வெளியே இழுத்துவிட்டால் போதும்.

இரண்டாவது பெடல். பெடல் கிராங்கில் ஏறும் மரையில் மண் புகுந்தாலோ முடுக்கம் குறைந்தாலோ அந்தப் பக்கக் கால் இறங்கும்போது மட்டும் டக் என்னும். கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, மறுபடி முடுக்க வேண்டும். வலது பெடலின் மரை வலம்புரி, இடது பெடலின் மரை இடம்புரி; மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு. இங்கிலாந்து அளவைப் பின்பற்றிய வண்டிகளில் பி.பி. (கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்) கப்புகள் இதற்கு நேர்மாறு: வலப்பக்கக் கப்தான் இடம்புரி. இதை மறந்தவர்கள் ஸ்பேனரின் முனையில் தொங்கி, கழற்றுவதாக நினைத்து இறுக்கியிருக்கிறார்கள்.

மூன்றாவது காட்டர் பின். கிராங்கை அச்சோடு பிணைக்கும், ஒரு பக்கம் சரிவாகச் சீவிய இரும்பு ஆணி இது. தளர்ந்தால் பாதத்துக்கே தெரியும். பெடல் உச்சியைக் கடக்கையில் ஒரு சிறு சறுக்கு, பிறகு டக். நட்டை முடுக்கிப் பின்னை உள்ளே இழுக்கப் பார்ப்பது பரவலான பிழை. மரை தேயுமே தவிரப் பின் இறங்காது. கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்துச் சுத்தியலால் அடித்து இறக்கிய பிறகே நட்டு. முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி முழுவதும் பி.பி. குண்டுகளின் மேல் விழுந்து கப்பில் பள்ளம் ஏற்படும். அதன்பின் வண்டி முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்குப் பதவி உயர்வு பெறும்.

சுற்றுக்கு இரு முறை கேட்பது, இடம் வலம் என்று எந்தக் கால் இறங்கினாலும் நெளியும் இடங்களில் பிறப்பது: சீட், ஹேண்டில், பி.பி. தோல் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குச் சொட்டு எண்ணெய். சீட் தண்டை உருவித் துடைத்துக் கிரீஸ் தடவிச் செருகினால் பல ஆண்டுப் புகார்கள் தீர்ந்துவிடும். கார்பன் தண்டுக்குக் கிரீஸ் ஆகாது, அதற்கென்று உள்ள பசையே வேண்டும். ஹேண்டிலுக்கும் துடைப்பும் முடுக்கும்தான். பி.பி. கடைசியில் வர வேண்டும். உள்ளே பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலக் குண்டுகள். கிரீஸ் வற்றி மழைநீரும் மணலும் சேர்ந்தால் உறுமும். ஓவராயில் செய்யாமல் தீராது. ஆனால் ஆழத்தில் இருப்பதே மூலம் என்று நம்புகிறவர்கள் முதலிலேயே இதைத்தான் திறக்கிறார்கள். பதினோரு குண்டில் ஒன்று சாக்கடைக்குள் உருண்ட பிறகு சீட் ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்கிறார்கள்.

எண்ணிக்கையில் பிடிபடாதது என்று சொல்லப்படுவது பெரும்பாலும் செயின். ஒரு கண்ணி துருப்பிடித்து மடங்க மறுத்தால் அது 2⅓ சுற்றுக்கு ஒரு முறைதான் வந்து துள்ளும். முழு எண்களை மட்டும் எண்ணுபவருக்கு அது தாறுமாறாகத் தோன்றும். பெடலைப் பின்னோக்கி மெல்லச் சுற்றினால் ஃப்ரீவீலைக் கடக்கும்போது அந்தக் கண்ணி நிமிர்ந்தே நிற்பது கண்ணுக்குத் தெரியும். பக்கவாட்டில் அசைத்து எண்ணெய் விட்டால் இளகும். செயின் முழுவதுமே சலசலத்தால் மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, வெளியே ஒட்டியதைத் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் சில நாள் வாயடைக்கும். பிறகு பிசுக்காகித் தெருத் தூசியை எல்லாம் திரட்டும். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அது 12⅛ ஆகிவிட்டால் எண்ணெய்க்கு வேலையில்லை. செயினை மாற்றுவதே முறை.

பெல் தானாக ஒலித்தால் திருகை முடுக்குக.

இனி ஒழிபியல். வண்டியின் உறுப்பல்லாதவற்றால் பிறக்கும் மிதியொலி இதில் அடங்கும். ஷூ லேஸின் நுனி கிராங்கில் தட்டுவது, சட்டைப்பையில் சாவிக்கொத்து, இவ்விரண்டும் வெளிப்படை. மூன்றாவது டிபன் பாக்ஸ் ஸ்பூன். இதற்கு விரிவு வேண்டும்.

ஹேண்டிலில் மாட்டிய பை, கால் மாறி மாறி இறங்கும்போது இடமும் வலமும் ஆடும். உள்ளே இருக்கும் ஸ்பூன் டப்பாவின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போகும்: சுற்றுக்குச் சரியாக இரு முறை. மிதிப்பதை நிறுத்தினால் அடங்கும். ஆக இலக்கணம் முழுவதும் பொருந்துகிறது; பி.பி. குற்றத்தின் அத்தனை குறிகளும் இருக்கின்றன. காலையில் தயிர்சாதம் ஸ்பூனைப் பிடித்துக்கொள்வதால் ஓசையில்லை. மாலையில் மட்டும் வரும். இதைக் கண்ட வெயில் கட்சியார், பகல் முழுதும் வெயிலில் நின்ற இரும்பு விரிவதே காரணம் என்று நிறுவினர். நிழலில் நிறுத்திய வண்டியிலும் ஓசை வந்தபோது, நிழலும் ஒருவகை வெயிலே என்று உரை எழுதினர்.

ஸ்பூன் கொள்கைக்கு மூல ஆதாரம் கிரீஸ் படிந்த ஒரு சைக்கிள் கடைச் சீட்டு. அதன் கடைசி வரி, ‘ஸ்’ என்று தொடங்கி, கறையில் மறைந்து, ‘எடுத்தது, கூலி இல்லை’ என்று முடிகிறது. முதல் உரைகாரர் விடுபட்டதை ஸ்போக் என்று கொண்டார். கம்பி எடுத்துக் கூலி வாங்காத கடை உலகில் இல்லை என்று இரண்டாமவர் அதை ஒரே வரியில் மறுத்து, ஸ்பிரிங் என்றார். ஸ்பிரிங்குக்கும் கூலி உண்டு என்பது அவருக்கு எட்டவில்லை. மூன்றாமவர் ஸ்பேனர் என்று பாடங்கொண்டு, கடைக்காரர் மறந்து வைத்த தம் ஸ்பேனரைத் தாமே எடுத்துக்கொண்டதற்கு எழுதிய குறிப்பு இது என்றார். நான்காமவர் கையெழுத்து வேறாக இருப்பதைக் காட்டி, அந்த வரி முழுவதும் இடைச்செருகல், வண்டிக்காரரின் மனைவி வீட்டில் காணாமற்போன ஸ்பூன் கிடைத்ததும் எழுதியது என்று நிறுவினார். எல்லாவற்றையும் திரட்டிப் பதிப்பித்தவர், சீட்டின் அந்த ஒரு வரிக்கு அறுபது பக்க முன்னுரை எழுதி, அதில் சீட்டின் காலத்தைச் சக்கரம் கண்டுபிடிப்பதற்குச் சற்று முன்பு என்று கொண்டுபோய் நிறுத்தினார். இவர்கள் எவரும் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கவில்லை. இவர்களில் சைக்கிளே ஓட்டத் தெரியாதவர் ஒருவர் உண்டு. பாடத்திட்டத்தில் இருப்பது அவர் உரைதான்.

மருந்து: ஸ்பூனைக் கைக்குட்டையில் சுற்றுக.

எஞ்சியது ஃப்ரீவீலின் டிக்டிக். உள்ளே ஸ்பிரிங் தாங்கிய சிறு நாக்குகள் பல் வரிசையின் மேல் ஏறி இறங்குவதால் வருவது. மிதிப்பதை நிறுத்தினால் தொடங்கி, மிதித்தால் அடங்குவதால் இது மிதியொலிக்கு நேரெதிர், குற்றமும் அன்று. சத்தம் பிடிக்காமல் உள்ளே கெட்டிக் கிரீஸ் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு பல்லைப் பிடிக்காமல் போகும். பெடல் வெறுமனே முன்னால் சுழன்று முட்டி ஹேண்டிலில் இடிக்கும். ஃப்ரீவீலுக்கு இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும்.